தாலி கட்டும் நேரத்தில் படம் உடைவது ஏன்?
பழைய கல்யாண சி.டி.க்களை எம்.பி.4 ஆக்கும் வழி

புதிதாக லேப்டாப் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இதில் சி.டி. போடும் இடம் எங்கே?" இல்லை என்பதுதான் பதில். இன்று விற்பனையாகும் லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் சி.டி., டி.வி.டி. டிரைவ் கிடையாது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரிலும் கேட்டு வாங்கினால்தான் உண்டு. ஆனால் வீட்டு அலமாரியில் கல்யாண சி.டி., காதுகுத்து சி.டி., பால்காய்ப்பு டி.வி.டி. என்று ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு இருக்கிறதே, அதை என்ன செய்வது?

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கட்டு கொஞ்சம் பெரியதாகவே இருக்கும். வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர் ஒருவர்கூட இல்லாத தெரு இங்கே குறைவு. லீவு கிடைக்காமல் துபாயில் இருந்துவிட்ட அண்ணனுக்கு ஒரு காப்பி, மஸ்கட் சித்தப்பாவுக்கு ஒரு காப்பி என்று ஸ்டுடியோவில் கூடுதலாகவே போட்டு வாங்குவார்கள். என் வயதுக்காரர்களின் அப்பா அம்மா கல்யாணம் என்றால் அது வி.எச்.எஸ். கேசட்டில் இருக்கும். சித்திமார் கல்யாணம் வீடியோ சி.டி.யில். அக்காமார் கல்யாணம் டி.வி.டி.யில். ஒரே அலமாரியில் மூன்று காலம்!

இவற்றை எம்.பி.4 பைலாக மாற்றிவிட்டால் போனிலும் டி.வி.யிலும் பார்க்கலாம். சைஸும் குறையும். மாற்றுவதற்கான சாப்ட்வேர் இலவசம். வேலையும் கஷ்டமில்லை. ஆனால் அவசரப்பட்டு மாற்றினால் எது முக்கியமோ அதுவே கெட்டுப்போகும். எனவே பட்டன்களுக்குப் போகும் முன் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மூட்டை வேறு, அரிசி வேறு

ஏவிஐ, எம்.பி.4, வி.ஓ.பி., டி.ஏ.டி. என்றெல்லாம் பைல் பெயரின் கடைசியில் வருகிறதே, அவை மூட்டைகள். மூட்டைக்குள் இருக்கும் அரிசிதான் கோடெக். அதாவது படத்தைச் சுருக்கிய முறை. மூட்டையின் பெயரை மாற்றினால் அரிசி மாறாது. பைலின் பெயரை மட்டும் எம்.பி.4 என்று மாற்றிவிட்டு "போனில் ஓடவில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது உள்ளே இருப்பதை.

வீடியோ சி.டி.யின் உள்ளே இருப்பது எம்பெக்-1. வீடியோ சி.டி.க்கான விதிமுறை வந்தது 1993-ல். நம் ஊர் டி.வி. முறைக்குப் படத்தின் அளவு 352 x 288 புள்ளிகள். டி.வி.டி.யில் இருப்பது எம்பெக்-2. அளவு 720 x 576. இப்போது நாம் மாற்றப்போவது எச்.264 என்ற முறைக்கு. இது 2003-ல் வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதே, இதையா புதியது என்கிறீர்கள் என்று கேட்கலாம். 2013-ல் எச்.265, 2018-ல் ஏவி1 என்று இதைவிடப் புதியவையும் உண்டு. அவற்றில் இன்னும் சிறிதாகச் சுருக்கலாம். ஆனால் வீட்டில் பழைய எல்.இ.டி. டி.வி.யில் பென் டிரைவைச் செருகிப் பார்க்க வேண்டும் என்றால் எச்.264-தான் கைகொடுக்கும். என் ஓட்டு அதற்கே.

சைஸ் கணக்குப் போட ஒரு எளிய வாய்ப்பாடு சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்.பி. வீடியோ சி.டி.யில் படமும் ஒலியும் சேர்ந்து விநாடிக்கு ஏறக்குறைய 1.4 மெகாபிட். ஆக ஒரு மணி நேரத்துக்கு 630 எம்.பி. இரண்டு மணி நேரக் கல்யாணத்தை ஒரே டி.வி.டி.யில் அடைத்திருந்தால் விநாடிக்கு 5 மெகாபிட். மணிக்கு 2250 எம்.பி. மினி டி.வி. கேசட் என்றால் மணிக்கு 13 ஜி.பி.!

ரேஷன் அரிசியும் கல்யாணப் பந்தியும்

வீடியோ என்பது விநாடிக்கு 25 படங்கள். எல்லாப் படங்களையும் முழுதாகச் சேமித்தால் ஹார்டு டிஸ்க் தாங்காது. எனவே முந்தைய படத்தில் இருந்து என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டும் எழுதிவைப்பார்கள். மணமேடை அப்படியே இருக்கிறது. வாழைமரம் அப்படியே இருக்கிறது. பின்னால் தொங்கும் சீலையும் அப்படியே. புரோகிதரின் கை மட்டும் அசைகிறது. அந்தக் கையை மட்டும் எழுதினால் போதும். படத்தை 16 x 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, "இந்தக் கட்டம் போன படத்தில் கொஞ்சம் இடது பக்கம் இருந்தது" என்று குறிப்பு எழுதுவதுபோல.

பழைய எம்பெக்-1 இதைச் சற்று முரட்டுத்தனமாகச் செய்யும். எச்.264 அந்தக் கட்டத்தை 4 x 4 வரைக்கும் சிறிதாக்கிப் பார்க்கும். ஒரு புள்ளியின் கால் பங்கு நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும். ஒரு படத்துக்கு முன்னால் மட்டும் அல்லாமல் பல படங்கள் முன்னால் போயும் தேடும். கட்டங்களின் ஓரம் தெரியாதபடி மெழுகிவிடவும் செய்யும். சைஸ் குறைவது இதனால்தான். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, நிறையக் கணக்கு. 1990-களின் பிளேயரால் அத்தனை கணக்குப் போட முடியாது. இன்றைய போனால் முடியும்.

சரி, இப்போது தாலி கட்டும் நேரத்துக்கு வருவோம். கெட்டிமேளம் கொட்டுகிறது. பெண்கள் குரவை போடுகிறார்கள். நான்கு பக்கமும் இருந்து அட்சதையும் பூவும் பறக்கின்றன. தோவாளை பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊரில் பூவுக்குப் பஞ்சமே இல்லை! அதே விநாடியில் மூன்று நான்கு கேமராக்களில் பிளாஷ் அடிக்கிறது. கம்ப்யூட்டரின் கண்ணால் இதைப் பாருங்கள். பிளாஷ் அடித்த படத்தில் மொத்தமும் வெளுத்துவிடும். முந்தைய படத்தில் இருந்து எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. பறக்கும் அட்சதை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகிறது. எந்தக் கட்டத்துக்கும் "போன படத்தில் இங்கே இருந்தது" என்று எழுத முடியாது. முழுக்கல்யாணத்திலும் சுருக்குவதற்குக் கடினமான நேரம் இதுதான். சர்ச் கல்யாணம் என்றால் வரவேற்பில் காகிதத் துண்டுகள் வெடித்துப் பறக்கும் நேரம். தேர்த் திருவிழா வீடியோ என்றால் வாணவேடிக்கை.

வீடியோ சி.டி.யில் படத்துக்கு ஒதுக்கியிருப்பது விநாடிக்கு 1150 கிலோபிட். எப்போதும் அதேதான். ரேஷன் அரிசி மாதிரி, வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் கார்டுக்குள்ள அளவு மாறாது. மேடையில் ஒன்றும் நடக்காத பத்து நிமிடத்துக்கும் அந்த அளவே, தாலி கட்டும் பத்து விநாடிக்கும் அந்த அளவே. போதாமல் போகும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது. "சரியாக அந்த இடத்தில் மட்டும் சி.டி. கெட்டுப்போச்சு" என்று பலர் நினைப்பார்கள். சி.டி. கெடவில்லை. அன்றைக்கு ஸ்டுடியோவில் எழுதும்போதே அப்படித்தான் எழுதப்பட்டது.

இதில் இருந்து நமக்கு இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, மாற்றும்போது "இத்தனை எம்.பி.க்குள் வேண்டும்" என்று சைஸைச் சொல்லி மாற்றக்கூடாது. தரத்தைச் சொல்லி மாற்ற வேண்டும். பந்தியில் பரிமாறுவதுபோல, வேண்டிய இலைக்கு அதிகமாகவும் வேண்டாத இலைக்குக் குறைவாகவும் சாப்ட்வேரே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, ஏற்கெனவே உடைந்திருக்கும் படத்தை எந்த கன்வெர்ட்டராலும் ஒட்டவைக்க முடியாது. "வீடியோ சி.டி.யை 4கே ஆக்குகிறோம்" என்று வரும் விளம்பரங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் வருவது பெரிய கட்டங்கள்தான். செயற்கை நுண்ணறிவு கொண்டு முகத்தைத் தெளிவாக்கும் சாப்ட்வேர்கள் இப்போது உண்டு. அவை இல்லாத விவரத்தைக் கற்பனை செய்து நிரப்புகின்றன. தெளிவாக ஒரு முகம் வரும், ஆனால் அது உங்கள் பாட்டியின் முகம்தானா என்பது வேறு கேள்வி.

முதலில் மூலத்தைத் தேடுங்கள்

எனவே கையில் கிடைத்த சி.டி.யை உடனே மாற்றத் தொடங்காமல், அதைவிட நல்ல காப்பி எங்காவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த சி.டி. எதில் இருந்து வந்தது? பெரும்பாலும் ஒரு கேசட்டில் இருந்து. அந்தக் கேசட் இருந்தால் வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. கேசட்டில் இருந்து ஒருமுறை மாற்றுவதும், கேசட் சி.டி.யாகி, சி.டி. ஏவிஐ ஆகி, ஏவிஐ எம்.பி.4 ஆவதும் ஒன்றல்ல.

படத்தைவிட ஒலிக்கு இது இன்னும் முக்கியம். நம் ஊர்க் கல்யாண வீடியோக்களில் மிக்ஸிங் என்று ஒன்று செய்வார்கள். தாமரைப் பூவுக்குள் மாப்பிள்ளை தலை சுழலும், இதயத்துக்குள் பெண் சிரிப்பாள். அதோடு சினிமாப் பாட்டை ஏற்றுவார்கள். பாட்டு ஏறிய இடத்தில் அங்கே பேசியவர்களின் குரல் போய்விடும். யார் யாரோ கேமராவைப் பார்த்து வாயசைப்பார்கள், கேட்பதோ எஸ்.பி.பி. பாட்டு.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மை. மகளின் கல்யாணம் 2001-ல். சி.டி.யைக் கொண்டுவந்து என்னிடம் தந்து, "மக்கா, இதுல எங்க அம்மை பேசுகது உண்டு. அத மட்டும் எடுத்துத் தந்தா போதும்" என்றார். போட்டுப் பார்த்தால் பாட்டி பேசுகிறார், பாட்டு ஓடுகிறது. குரல் இல்லை. சி.டி.யில் இல்லாததை நான் எங்கிருந்து எடுப்பது? படம் எடுத்தவர் யார் என்று கேட்டோம். ஸ்டுடியோவை மூடி வெகுநாளாகிவிட்டது. ஆனால் அவர் பழைய ஒரிஜினல் கேசட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். மேலே சாக்பீஸால் தேதி. பெரியம்மையின் கேசட் கிடைத்தது, ஓரத்தில் வெள்ளைப் பூசணத்தோடு.

பூசணம் பிடித்த கேசட்டைப் பார்த்ததும் வி.சி.ஆரில் போட்டுவிடாதீர்கள். பூசணம் ஹெட்டில் ஒட்டும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற, கடற்காற்றும் அடிக்கிற மாவட்டம் எங்களுடையது. கேசட்டுக்கு இது நல்ல இடமில்லை. சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். புது வி.சி.ஆர். வாங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. உலகில் கடைசியாக அதைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடுகிற வி.சி.ஆர். வைத்திருக்கும் பழைய ஸ்டுடியோக்காரர்களைத்தான் தேடிப் போக வேண்டும்.

அந்தக் கேசட்டின் பாதிக்கு மேல் ஓடியது. பாட்டி பேசிய இடமும் ஓடியது. "மழ வருமுன்ன எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க" என்கிறார், அவ்வளவுதான். பெரியம்மை அதை ஏழெட்டு முறை போடச் சொன்னார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கொளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளில் ஆட்களோடு வீடுகளும் போயின. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பகுதி மீனவர்கள் பலர் திரும்பி வரவேயில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் ஒரு பழைய சி.டி. எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் சி.டி. அழிந்துவிட்டதா? வெளிநாட்டுக்கு அனுப்பிய காப்பி சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு காப்பியிலும் ஒரே இடத்தில் கீறல் விழுந்திருக்காது.

சி.டி.யைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுவது

யு.எஸ்.பி.யில் இணைக்கும் டி.வி.டி. ரைட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு வீட்டுக்கு ஒன்று போதும், மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். டிஸ்க்கை மென்மையான பருத்தித் துணியால், நடுவில் இருந்து ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். கிராமபோன் தட்டுபோலச் சுற்றிச் சுற்றித் துடைக்கக்கூடாது. சி.டி.யின் லேபிள் பக்கத்தையும் சுரண்டாதீர்கள். தகவலைத் தாங்கும் பூச்சு அந்தப் பக்கத்தின் அடியில்தான் இருக்கிறது. கீழே விழுந்த கீறலைவிட மேலே விழுந்த கீறல் மோசம்.

வீடியோ சி.டி.யைத் திறந்தால் எம்.பி.இ.ஜி.ஏ.வி. என்ற போல்டர் இருக்கும். அதற்குள் ஏ.வி.எஸ்.இ.கியூ.01 என்ற பெயரில் டி.ஏ.டி. பைல். படம் இதுதான். 700 எம்.பி. சி.டி.க்குள் 800 எம்.பி. பைல் இருப்பதாகக் காட்டினால் பயப்படாதீர்கள். சாதாரண டேட்டா சி.டி.யில் பிழை திருத்துவதற்காக ஒதுக்கும் இடத்தையும் வீடியோ சி.டி.யில் படத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அதன் விலை என்ன தெரியுமா? ஒரு சிறு கீறல் விழுந்தாலும் படத்தில் தெரியும்.

அந்த டி.ஏ.டி. பைலை அப்படியே காப்பி செய்து ஹார்டு டிஸ்க்கில் போடுங்கள். பாதியில் எரர் மெசேஜ் வந்தால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். அதுவும் ஆகவில்லை என்றால் வி.எல்.சி. பிளேயரில் மீடியா மெனுவில் 'கன்வெர்ட் / சேவ்' போய், டிஸ்க் என்ற டேபில் 'எஸ்.வி.சி.டி. / வி.சி.டி.' என்பதைத் தேர்ந்தெடுத்து முயலலாம். ஐசோபஸ்டர் என்ற சாப்ட்வேரும் படிக்க முடியாத இடத்தைத் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும்.

டி.வி.டி. என்றால் வீடியோ டி.எஸ். என்ற போல்டர் முழுவதையும் காப்பி செய்யுங்கள். அதில் வி.ஓ.பி. பைல்கள் ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜி.பி. அளவில் வெட்டியிருக்கும். காட்சியைப் பார்த்து வெட்டியது அல்ல, சைஸைப் பார்த்து வெட்டியது. தனித்தனியாக மாற்றினால் நாதஸ்வரம் பாதியில் நிற்கும். போல்டராகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்பிரேக்

மாற்றுவதற்கு நான் சிபாரிசு செய்வது ஹேண்ட்பிரேக். 2003-ல் எரிக் பெத்தி என்பவர் தொடங்கிய இலவச சாப்ட்வேர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஹேண்ட்பிரேக் டாட் எப்.ஆர். என்ற அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். கூகுளில் தேடும்போது முதலில் வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்ய வேண்டாம்.

சாப்ட்வேரைத் திறந்தால் பைல், போல்டர் என்று இரண்டு வழி காட்டும். வீடியோ சி.டி.க்குப் பைல், டி.வி.டி.க்குப் போல்டர். டி.ஏ.டி. பைலை ஏற்க மறுத்தால் காப்பி செய்த பைலின் எக்ஸ்டென்ஷனை எம்.பி.ஜி. என்று மாற்றிப் பாருங்கள். (மூட்டையின் பெயரை மாற்றினால் அரிசி மாறாது என்றேனே! இங்கே உள்ளே இருப்பது உண்மையிலேயே எம்பெக்தான். அதனால் பெயர் மாற்றினால் போதும்.) டி.வி.டி.யில் டைட்டில் என்ற இடத்தில் பல எண்கள் வரும். அதிக நேரம் ஓடுகிற டைட்டில்தான் கல்யாணம். மற்றவை ஸ்டுடியோ விளம்பரமாக இருக்கும்.

பிரீசெட்டில் 'பாஸ்ட் 576பி25' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 576 வரிகளும் 25 படங்களும் நம் டி.வி. முறைக்கு உரியவை. பார்மட் எம்.பி.4 என்று இருக்கட்டும். பிறகு வீடியோ டேபுக்குப் போங்கள். கோடெக் எச்.264. பிரேம் ரேட் 'சேம் ஆஸ் சோர்ஸ்'. அடுத்து 'கான்ஸ்டன்ட் குவாலிட்டி' என்ற ஸ்லைடர். மேலே சொன்ன பந்திப் பரிமாறல் இதுதான். இங்கே ஆர்.எப். என்று ஓர் எண் இருக்கும். எண் குறைந்தால் தரம் கூடும், சைஸும் கூடும். இந்த அளவுப் படங்களுக்கு 18 முதல் 22 வரை வைக்கச் சொல்கிறது ஹேண்ட்பிரேக்கின் சொந்த வழிகாட்டி. நான் 20-ல் தொடங்குவேன். எண்ணை 6 கூட்டினால் சைஸ் ஏறக்குறையப் பாதியாகும், 6 குறைத்தால் இரட்டிப்பாகும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

எந்த எண் சரி என்று முழுப்படத்தையும் மாற்றிப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ரேஞ்ச் என்ற இடத்தில் சாப்டர்ஸ் என்பதை செகண்ட்ஸ் என்று மாற்றி, தாலி கட்டும் இடத்தைச் சுற்றி இரண்டு நிமிடம் மட்டும் கொடுங்கள். 18, 20, 23, 26 என்று நான்கு முறை மாற்றுங்கள். நான்கையும் டி.வி.யில் போட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். பட்டுச் சேலையின் ஜரிகைக் கரை மெழுகிப்போகிறதா? நாதஸ்வரக்காரர் விரல் கலைகிறதா? பிளாஷ் அடித்த அடுத்த நொடியில் முகம் எப்படி இருக்கிறது? உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியத் தொடங்கும் எண்ணுக்கு ஒரு படி முன்னால் நில்லுங்கள். கடினமான இடம் தேறிவிட்டால் மற்ற இடங்கள் தானாகத் தேறும்.

டைமென்ஷன்ஸ் டேபில் படத்தைப் பெரிதாக்க முயல வேண்டாம். 352 x 288 படத்தை 1920 x 1080 ஆக்கினால் சைஸ்தான் ஏறும். அங்கே அனமார்பிக் 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய படங்களின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. அதைக் கவனிக்காத கன்வெர்ட்டர்களில் எல்லோரும் ஒல்லியாகிவிடுவார்கள். (சிலர் இதை விரும்பக்கூடும்!)

டி.வி.டி.யிலும் கேசட்டிலும் இன்னொரு சிக்கல் வரும். யாராவது வேகமாக நடந்தால் ஓரத்தில் சீப்புப் பற்கள்போலக் கோடுகள் தெரியும். அந்தக் காலக் கேமராக்கள் ஒரு படத்தின் ஒற்றை வரிகளைத் தனியாகவும் இரட்டை வரிகளைத் தனியாகவும் எடுத்தன. குழாய் டி.வி.யில் அது தெரியாது, இன்றைய திரையில் தெரியும். பில்டர்ஸ் டேபில் டீஇன்டர்லேஸ் என்ற இடத்தில் 'டீகோம்ப்' இருக்கிறதா என்று பாருங்கள். அது சீப்பு தெரியும் இடத்தை மட்டும் சரிசெய்யும். வீடியோ சி.டி.க்கு இது தேவைப்படாது. எம்பெக்-1-ல் வரிகளைப் பிரித்து வைக்கும் முறையே கிடையாது.

ஒலிக்கு ஏ.ஏ.சி., 160 கிலோபிட். அதைக் குறைத்து மிச்சம் பிடிக்க வேண்டாம். மணிக்குச் சில எம்.பி. மிச்சமாகும், நாதஸ்வரம் தகரமாகும். கடைசியாக பிரவுஸ் கொடுத்து பைலைச் சேமிக்கும் இடத்தைச் சொல்லி, 'ஸ்டார்ட் என்கோட்' கிளிக் செய்யுங்கள். இன்றைய சாதாரண லேப்டாப்பே இந்த அளவுப் படத்தை ஓடும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் மாற்றிவிடும்.

எவ்வளவு குறையும்? டி.வி.டி.யில் நன்றாகவே குறையும். மணிக்கு 2 ஜி.பி.க்கு மேல் இருந்தது பல நேரம் 1 ஜி.பி.க்குள் வந்துவிடும். கேசட்டில் இருந்து எடுத்த படம், மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படம் என்றால் அவ்வளவு குறையாது. படத்தில் இருக்கும் புள்ளிப் புள்ளியான நடுக்கத்தையும் சாப்ட்வேர் அட்சதை என்றே நினைத்துக்கொள்ளும். வீடியோ சி.டி.யில் பாதியாகலாம், சில படங்களில் அவ்வளவுகூடக் குறையாது. பழைய நோக்கியா போனில் எடுத்த 3ஜிபி பைல்களைச் சுருக்குவதற்காக மாற்றவே வேண்டாம். அவை ஏற்கெனவே சுருங்கிய சட்டை. ஓடவில்லை என்றால் மட்டும் மாற்றுங்கள்.

பழையதை அழிக்கலாமா?

எம்.பி.4 வந்துவிட்டது, டி.ஏ.டி. எதற்கு என்று டெலீட் பட்டனை நோக்கிக் கை போகும். பொறுங்கள். 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கில் ஒரு மணி நேர வீடியோ சி.டி.க்கள் 1500-க்கு மேல் கொள்ளும். உங்கள் சொந்தபந்தம் முழுவதன் கல்யாணத்தையும் போட்டாலும் நிரம்பாது! எனவே வீடியோ சி.டி.யை நாம் மாற்றுவது இடத்துக்காக அல்ல, ஓடுவதற்காக. பார்ப்பதற்கு எம்.பி.4, வைப்பதற்கு ஒரிஜினல். டி.வி.டி. போல்டரையும் இடம் இருந்தால் வையுங்கள். நாளை இன்னும் நல்ல கோடெக் வந்தால் எம்.பி.4-ல் இருந்து அல்ல, ஒரிஜினலில் இருந்துதான் மறுபடி மாற்ற வேண்டும். ஹார்டு டிஸ்க் ஒன்று மட்டும் போதாது. இரண்டாவது காப்பி இன்னொரு வீட்டில் இருக்கட்டும்.

யூடியூபில் ஏற்றிவிட்டால் பத்திரம் என்பார்கள். யூடியூப் மறுபடியும் சுருக்கும். கல்யாண வீடியோவில் இருக்கும் சினிமாப் பாட்டுக்குக் காப்பிரைட் பிரச்சினையும் வரலாம், ஒலியே நின்றுபோகலாம். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினாலும் சுருக்கிவிடும். அதில் 'டாகுமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். 2022 முதல் 2 ஜி.பி. வரை அப்படியே போகும். ஆன்லைனில் மாற்றித்தரும் இலவசத் தளங்களில் குடும்ப வீடியோக்களை ஏற்றாதீர்கள். அந்தப் பைல் அங்கே என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியாது.

பென் டிரைவில் போட்டு டி.வி.யில் செருகும்போது "சப்போர்ட் இல்லை" என்று வந்தால், டிரைவ் எந்த பார்மட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய டி.வி.க்கள் பலவும் எப்.ஏ.டி.32 டிரைவைத்தான் படிக்கும். அதில் ஒரு பைல் 4 ஜி.பி.யைத் தாண்டக்கூடாது. நாம் மாற்றிய பைல்கள் அதற்குள் அடங்கிவிடும்.

பைலுக்குப் பெயர் வைக்கும்போது "நியூ வீடியோ 1" என்று விட்டுவிடாதீர்கள். வருடம், மாதம், ஊர், யாருடைய கல்யாணம் என்று அந்த வரிசையில் எழுதினால் போல்டரில் தானாகவே கால வரிசையில் நிற்கும். பழைய டி.வி.க்களில் தமிழ் எழுத்து கட்டமாகத் தெரியும் என்பதால் ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. படத்தின் மூலையில் ஓடும் தேதியை நம்ப வேண்டாம். கேமராவில் பேட்டரி மாற்றியபின் யாரும் தேதியைச் சரிசெய்திருக்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் அதில் பாருங்கள். அதுவும் இல்லை என்றால் மொய் நோட்டை எடுங்கள், முதல் பக்கத்திலேயே மஞ்சள் தடவித் தேதி எழுதியிருப்பார்கள்.